மாத்திரை எடுக்கப் போனவள்

நோயாளி வேடத்துக்கு வேட்டி தேடுவது லேசான காரியமில்லை. அன்று காலை பீரோவில் இருந்ததையெல்லாம் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரிப் பளிச்சென்று இருந்தன. கடைசியில் வண்டி துடைக்கிற பழசுதான் கைகொடுத்தது. அதைக் கட்டிக்கொண்டு கழுகுமலையில் பஸ் ஏறியதும், கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் பதறி எழுந்து இடம் கொடுத்தாள். நாடகம் அங்கேயே பாதி ஜெயித்துவிட்டது. கோவில்பட்டி வந்து சேரும்வரை, அவளுடைய திருப்திக்காக, நாலைந்து தடவை இருமிக்கொண்டும் வந்தேன்.

நர்சிங் பிள்ளைகளுக்குச் சமுதாய நலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். அன்றைக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுகாதாரத் துறை ஆசிரியர்கள் எல்லாம் கூடி, யார் யார் என்னென்ன புதுமுறையில் பாடம் நடத்துகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் செய்து காட்டும் கூட்டம். ஏற்பாடு, என்னோடு வேலைபார்த்த கார்த்திகேசன். "சார், நம்ம பாடம் இல்லாம கூட்டமா? நீங்க வந்தே ஆகணும்" என்று போனில் கூப்பிட்டுவிட்டான்.

நம்ம பாடம் என்று அவன் சொன்னாலும், பாதி என் மனைவி மீனாட்சியம்மாளுடையது. அது பிறந்த கதை வேடிக்கையானது. நோயாளியிடம் விவரம் கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க, நோயாளியாக நடிக்க ஒருவரை வரச் சொல்லியிருந்தேன், அவர் வரவில்லை. நானே நோயாளியாக உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸ் கொடுக்க வந்த மீனாட்சியைத் துணைக்கு உட்கார வைத்தேன். 'வாயைத் திறக்காம சும்மா இரு' என்றுதான் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை என்னிடம், "ஐயா, என்ன தொந்தரவு?" என்று கேட்டதுதான் தாமதம்.

"அவிய சொல்ல மாட்டாவ, நான் சொல்லுதேன். ராத்திரி பூரா இருமுதாவ. கேட்டா தூசிம்பாவ" என்று ஆரம்பித்தவள் மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை. வகுப்பு முழுக்க நான் வாய் திறக்கவே இல்லை. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி எதிலும் இதுதானே நடக்கிறது. ஆண்பிள்ளை உம்மென்று இருப்பான். நோயைச் சொல்வது சம்சாரம். அவளுக்குத் தெரியாத நோய் ஒன்று அவனுக்குள் இருந்தால் அது சுடுகாடுவரை அவனோடுதான் போகும்.

அதையே பாடமாக்கினோம். மனசு நோகாமல் மனைவியை வெளியே அனுப்ப வேண்டும், அதுதான் பரீட்சை. 'நீங்க போங்கம்மா' என்று சொன்ன பிள்ளைகளை மீனாட்சி பார்த்த பார்வையில் சிலர் படிப்பையே விட்டுவிட்டார்கள் என்று சொல்வேன். கெட்டிக்காரப் பிள்ளைகள், "ஐயா சாப்பிடுற மாத்திரையெல்லாம் உங்களுக்குத்தானம்மா தெரியும், அந்த அட்டையைக் கொஞ்சம் எடுத்துட்டு வருதீங்களா?" என்பார்கள். அவள் பெருமையாக எழுந்து போவாள். கதவைச் சாத்தியதும் நான் ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒன்றாக அளந்துவிடுவேன். ஒரு தடவை களவாகக் குடிக்கும் பீடி. ஒரு தடவை பேய்ப் பயம். மீனாட்சி வராந்தாவில் நிற்பாள். கதவில் காது வைக்க மாட்டாள். ஆனால் சாயங்காலம் பஸ் கிளம்பியதும், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்பாள். கழுகுமலை வருகிறவரைக்கும் அவளைக் காயப்போடுவது என் வாழ்நாளின் பெரிய சந்தோஷம்.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். மகன் ஹரிக்கும் மருமகள் சத்யபிரியாவுக்கும் வேலை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆடியில் போனவள் தீபாவளிக்கு வருவதாகப் பேச்சு. அது பொங்கலாகி, சித்திரையாகி, மறுபடியும் புரட்டாசி வந்துவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடம் சேரும்வரை இருக்கச் சொல்லி ஹரி கேட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.

"உங்களுக்குச் சரிதானா?" என்று மீனாட்சி போனில் கேட்டாள்.

"எனக்கென்னட்டி, ராஜா மாதிரி இருக்கேன். நேத்து நான் வச்ச கத்தரிக்காய்க் குழம்பு வாசத்துக்குத் தெருவே திரண்டு வந்துட்டு" என்றேன். குழம்பு அடிப்பிடித்துப் புகைந்ததால்தான் தெரு திரண்டது.

அவள் பேச்சை மாற்றி, "கூட்டத்தை ஹரி கம்ப்யூட்டர்ல நான் பாக்குதேன். என் இடத்துல எவ உக்காருதான்னு தெரியணும்லா" என்றாள். வெளியூர் ஆசிரியர்களும் பார்ப்பதற்காகக் கார்த்திகேசன் கேமரா வைத்திருந்தான்.

கூட்டத்தில் புதுமைக்குக் குறைவில்லை. ஒருவர் என் கண்ணில், உள்ளே படம் ஓடுகிற பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார், கர்ப்பப்பைக்குள் நின்றேன். வெளியே வர வழி தெரியாமல் பக்கத்திலிருந்த ஒரு டீச்சரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். இன்னொருவர் தடுப்பூசியைத் தாயக்கட்டமாக்கியிருந்தார். தட்டம்மையில் வெட்டுப்பட்டு ஆரம்பத்துக்கே திரும்பிவந்தேன்.

எங்கள் முறை வந்தது. மனைவியாக நடிக்க வந்தவள் காவியா, இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை. மாணவனாகக் கார்த்திகேசன். காவியா நன்றாகத்தான் பேசினாள். ஆனால் எனக்கு இருமல் என்று சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தாள். மீனாட்சி என்றால் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டியிருப்பாள்.

"மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாங்கம்மா" என்றான் கார்த்திகேசன். காவியா போனாள். கதவைச் சாத்தினாள்.

"இப்ப சொல்லுங்கய்யா, என்ன செய்யுது?"

சர்க்கஸ் யானையைக் கண்டால் எனக்குப் பயம் என்று ஒரு ரகசியம் தயாராக வைத்திருந்தேன். எதிரே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளிதானே சொல்கிறான் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். இதைவிட்டால் எனக்கு வேறு வாய்ப்பு இல்லை என்று தோன்றியது.

"தூக்கம் வரமாட்டேங்குது" என்றேன். "சம்சாரம் ஊர்ல இல்ல. அவ பாக்குத சீரியல நான் பேசாத பேச்சுப் பேசியிருக்கேன். இப்ப அடுப்பாங்கரைப் பக்கம் அந்தச் சீரியலப் போட்டு விட்டுட்டு, இந்தப் பக்கம் வந்து படுக்கேன். யாரோ அழுவாளுவ, யாரோ திட்டுவாளுவ. அவ அங்கன உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கிட்டாத்தான் கண்ணசருது."

"இத அவுங்ககிட்டச் சொன்னீங்களா?"

"கேட்டா. ராஜா மாதிரி இருக்கேன்னுட்டேன்." பிறகு, "அவ வரணும்" என்றேன்.

கார்த்திகேசன் அடுத்த கேள்வியை மறந்துவிட்டு என்னையே பார்த்தான். கூடம் கைதட்டியது. நடிப்பு என்றால் இதுதான் நடிப்பு என்று தாயக்கட்டக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு வேட்டி முடிச்சு நழுவுகிற மாதிரி இருந்தது. சாப்பாட்டில் எதைத் தின்றேன் என்று தெரியாது. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அழைப்பு இல்லை.

சாயங்கால பஸ்ஸில் பழக்கதோஷமாக ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் பையை வைத்தேன். பஸ் ஊரைத் தாண்டியதும் போனில் மீனாட்சியின் முகம் வந்தது. இடுப்பில் பேத்தி.

"ஜன்னலத் தொறந்து காட்டுங்க" என்றாள். காட்டினேன். மழை பெய்து ஓய்ந்த கரிசல், ஈரத்தில் கன்னங்கரேலென்று கிடந்தது. "உளுந்து முளைச்சிருச்சே" என்றாள். நான் என் பக்கம் திருப்பினேன்.

"அந்தப் பிள்ள பரவால்ல. ஆனா எழுந்து போறப்ப தண்ணிச் செம்ப உங்க கைக்கு எட்ட நகத்தி வைக்கல" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கென்ன தெரியும்? மாத்திரை எடுக்க அனுப்பிட்டாவல்லா. நானும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு பால்கனிக்குப் போயிட்டேன். கை தட்டுன சத்தம் கேட்டுத்தான் உள்ள வந்தேன்."

அவளா அப்படிச் செய்தாள் என்று கேட்பதற்கில்லை. அவள்தான் அப்படிச் செய்வாள். 

"இன்னைக்கு என்ன சொன்னீங்க?" என்றாள்.

யானை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கிப் போனார். காது கேட்கவில்லை என்று சாக்குச் சொல்ல இரைச்சலும் இல்லாமல் போயிற்று. போனைப் பையின்மேல் சாய்த்து வைத்தேன். ஜன்னலோரத்தில், தன் இடத்தில் இருந்துகொண்டு, மீனாட்சி என்னைப் பார்த்தாள். பேத்தி அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தது. அவள் அதை விடுவிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.