மூக்கனின் திருகு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. அதை எந்த இடத்தில் ஒப்புக்கொள்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்தக் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தபோது

(மழையே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

என் அக்காவுக்குக் கண் தெரியாது. ஒரு நூலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறாள். ("பார்த்துக்கொள்கிறாள்" என்பதை மாற்றவா என்று கேட்டேன். "ஏன்டா, நல்லாத்தானே பாத்துக்கிறேன்?" என்றாள். இருக்கட்டும்.)

அவள் கணினியில் இருப்பது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதிலுள்ள திரைவாசிப்பான் என்ற மென்பொருள் திரையில் உள்ளதை ஒரு கம்பி வழியாகச் செங்கல் அளவுப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி மூக்கால் பேசும். ஆகவே அவன் பெயர் மூக்கன். கணினிக்குள்ளேயே தேன் குரல்கள் உண்டு. ஆனால் கணினி முழுதாக எழுந்த பிறகுதான் அவை வாய் திறக்கும். மூக்கனோ அது கண் விழிக்கும்போதே பேசத் தொடங்கிவிடுவான். எழ மறுத்தால் காரணத்தையும் சொல்வான்.

3

நூலக மேலாளருக்கு முதலில் சந்தேகம். "கண் தெரிஞ்ச ஒருத்தர் கூட இல்லாம சர்வரை எப்படிம்மா உங்ககிட்ட விடறது?"

"உங்க முன்னாடியே அணைச்சு, நானே எழுப்பிக் காட்டறேன் சார்."

மூக்கனைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். நானும் போனேன். மூக்கனைச் சர்வரில் மாட்டி, அதை அணைத்தாள், எழுப்பினாள். மூக்கன் வாயே திறக்கவில்லை. கம்பியைப் பிடுங்கிச் செருகினாள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் காது மடல் சிவந்தது. கடைசியில் பெட்டியின் பக்கவாட்டில் தடவி, வருடக்கணக்காகத் தொடாத ஒலித்திருகைத் திருகினாள். மூக்கன் அலறிய அலறலில் நூலகமே திரும்பிப் பார்த்தது. மேலாளர் சிரித்துவிட்டு, சர்வர் அறைச் சாவியை அவள் கையில் வைத்தார்.

"பையில உரசித் திரும்பியிருக்கும்" என்றாள் அக்கா.

"ஆமாக்கா" என்றேன்.

4

அதுதான் பொய். முந்தைய நாள் மாலை மூக்கனை ஏதோ படிக்கவிட்டு அவள் வெளியே போயிருந்தாள். அவன் சத்தத்தில் எனக்கு எழுத்து ஓடவில்லை. திருகை அடியோடு குறைத்தேன்; திருப்பி வைக்க மறந்தேன். என் "ஆமாக்கா"வை நம்பி அக்கா நல்ல பையைத் தூக்கி எறிந்தாள். இன்றைக்கும் தினம் மூன்று முறை திருகைத் தடவிப் பார்க்கிறாள், தன் கவனக்குறைவு என்று நினைத்து. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

முடிவு ஒன்று: அவளுக்குத் தெரியாமலே போகிறது. (கோழைத்தனம்.)

முடிவு இரண்டு: அவள் புன்னகைத்து, தம்பியின் தலையை மெல்லக் கோதி

(எங்கள் அக்காவா? காதைத் திருகுவாள்.)

மன்னிச்சிடுக்கா.

5

இதுவரை எழுதியதை அவளுக்கு அனுப்பிவிட்டேன். மூக்கனுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். யாரும் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளாயிற்றே, அக்கா திரைவாசிப்பானின் நிரலைத் திறந்து, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்து கொடுத்து அவனைப் பழக்கிவிட்டாள். பக்கத்து அறையில் அடைப்புக்குறிகளைக்கூட விடாமல் படித்துக்கொண்டிருக்கிறான்.

"...மான்னிச்சிட் யூக்கா."

மூக்கன் நின்றுவிட்டான். நாற்காலி நகர்கிறது.

"டேய்! அந்தப் பை என்னடா பாவம் பண்ணுச்சு?"

குரலில் இருப்பது சிரிப்பா, கோபமா? சுவர் தடிமன், எனக்குப் பிடிபடவில்லை. அவள் கதவைத் திறப்பதற்குள் முடிவை நீங்களே எழுதிவிடுங்கள். என் காதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.