ராணி ஜெயித்தாள் என்று சொன்னவள்

இராமையாவின் காரியம் முடிந்த மறுநாளே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் அவர் முப்பது வருஷமாக மரக்கறி போட்டுவந்த நிலத்தைச் சுற்றித் தோட்ட நிர்வாகம் கம்பி வேலி அடித்தது. பாதியைத் தோட்டத்துக்கு விட்டுக்கொடுத்தால் மீதி மகள்களுக்கே என்று மேலாளரான துரை அவரிடம் வாயால் சொல்லியிருந்தார். அதை நினைவூட்டப் போன மனைவி காளியாயியை, இரண்டு மகள்களின் கண்முன்னாலேயே காவலுக்கு நின்ற வாச்சர் கம்பால் அடித்தான்.

மூத்தவள் தனுஷிகா உயர்தரத்தில் வரலாறு படிப்பவள். அன்று சாயங்காலம் அம்மாவைப் பார்க்க வந்த பெண்களிடம் பூடிக்காவின் கதையைச் சொன்னாள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரித்தானியாவில் இருந்த ராணி. புருஷன் சாகும்போது ரோமச் சக்கரவர்த்திக்கும் தன் இரண்டு மகள்களுக்குமாக நாட்டை எழுதி வைத்தான். ரோமர்களோ முழுவதையும் பிடுங்கிக்கொண்டு, ராணியைச் சாட்டையால் அடித்து, மகள்களைச் சீரழித்தார்கள். அவள் சனங்களைத் திரட்டி மூன்று பட்டணங்களைக் கொளுத்தினாள்.

"கடைசியில ஜெயிச்சாளா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அழகம்மா.

தனுஷிகா அம்மாவின் வீங்கிய தோளைப் பார்த்தாள்.

"ஜெயிச்சா."

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு யாரும் போகவில்லை. காளியாயி முன்னால் நடக்க, தோட்டத்தின் மூன்று டிவிஷன் பெண்களும் வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். யாரோ கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். பொலிஸ் வந்து அடித்தபோது ஓட வழியில்லை. வேடிக்கை பார்க்க வந்த சொந்தச் சனமே ஒடுங்கிய பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அழகம்மாவுக்குக் கை முறிந்தது. காளியாயியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நீதிமன்ற வாசலில் தனுஷிகா அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். ராணி தோற்றுத்தான் போனாள், அவளை நம்பி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

காளியாயி மகள் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சிருந்தாலும் நான் போயிருப்பேன். ஆனா நம்ம கூட வந்தவளுகளுக்குச் சொல்லியிருக்கணும்டி. வர்றதா வேணாமான்னு அவளுகளே முடிவு பண்ணியிருப்பாளுக."

அதற்குள் தொழிற்சங்கத் தலைவர் துரையோடு பேசி, எல்லாவற்றுக்கும் காளியாயி ஒருத்தியே காரணம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்றவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று தனுஷிகா அழகம்மாவின் வீட்டுக்குப் போனாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு எழுந்து வந்த அழகம்மா அவளை உள்ளே கூப்பிடவில்லை.

"தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வேற எங்கயாச்சும் போயிரு பாப்பா. ஒன்னோட பேசினா வேலையில இருந்து எங்க பேரையும் வெட்டிருவாங்க."

கதவைச் சாத்துமுன் லயத்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.