துண்டுக்கடியில் ஒரு மேனேஜர்

விருதை பிரதர்ஸ் கால்பந்துக் குழுவுக்குப் புது மேனேஜரைத் தேர்ந்தெடுக்க ஒன்பது பேர் கூடியிருந்தார்கள். ஒன்பது பேரில் ஒருவர்கூட வாழ்நாளில் பந்தை உதைத்தவர் இல்லை. ஆனாலும் அவரவர் கருத்துக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. மாதச் சந்தா கட்டி, கொடி பிடித்து, வேன் பிடித்துப் போய்த் தொண்டை கிழியக் கத்துகிற ரசிகர்கள் அவர்கள். 2006-ஆம் வருஷம் சுதந்திர தினக் கோப்பையில் நாலாவது தடவையாகச் சிவகாசிக்காரர்களிடம் தோற்ற பிறகு, பழைய மேனேஜர் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சர்க்கரை ஏறியது உண்மை. போனது அதற்காக இல்லை.

இடம், சீனிவாசக அண்ணாச்சியின் மிளகாய் வத்தல் மண்டி. ஞாயிற்றுக்கிழமை மதியம். மூட்டைகள் மட்டும் லீவு எடுக்காமல் நெடி அடித்துக்கொண்டிருந்தன.

ஒன்பது பேரில் வாய் பெரிய ஆள் காளீஸ்வரன். வத்தல் தரகு பார்க்கிறவன். சொத்தை வத்தலை அள்ளிக் காட்டி, இதுக்குத்தான் காரம் ஜாஸ்தி என்று விற்றுவிடுவான். அன்றைக்கு அவன் விற்க வந்த சரக்கு, அவனுடைய தங்கச்சி மாரிசெல்வியின் புருஷன் முனியராஜ்.

முனியராஜ் ஒரு காலத்தில் இதே குழுவில் பின்வரிசையில் ஆடியவன். ஐந்து வருஷமாகச் சம்பளம் இல்லாமல் பழைய மேனேஜருக்கு எடுபிடியாக இருந்தவன். வயிற்றுப்பாட்டுக்கு ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசு யூனிட்டில் மருந்து கலக்குகிறான். போன வருஷம் பக்கத்து ஷெட் வெடித்தபோது ஓடித் தப்பினான். உயிர் வந்தது. புருவம் மட்டும் திரும்ப முளைக்கவே இல்லை.

குழுவுக்குப் பணம் போடுகிற பட்டாசுக் கம்பெனிக்காரர் சரவணக்குமார், புது மேனேஜராக வருகிறவருக்குத் தன் சிவகாசி ஆபீசில் ஸ்டோர் பார்க்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். மேசை, நாற்காலி, மின்விசிறி. மருந்து ரூம் பக்கமே போக வேண்டியதில்லை. மாரிசெல்வி அண்ணன் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்: "அண்ணே, இந்த ஒரு தடவ அவுகள அந்த ரூம்ல இருந்து வெளிய எடுத்து விடுங்க. பெறகு உங்ககிட்ட எதுவுமே கேக்க மாட்டேன்."

"முடிஞ்ச யாவாரம்னு நெனச்சுக்கோ," என்று சொல்லியிருந்தான் காளீஸ்வரன்.

முனியராஜைக் கேள்வி கேட்பதற்கென்று வரச் சொல்லியிருந்தார்கள். கேட்டு முடித்த பிறகு எழுந்து போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவன் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருக்க, அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசினார்கள்.

"முனியராஜ் மேல எனக்கு ரொம்ப மரியாத உண்டுப்பா," என்று ஆரம்பித்தார் பருப்பு மில் சங்கரபாண்டியன். இந்த ஊரில் ஒருவர் மரியாதையிலிருந்து ஆரம்பித்தால் எதிரே இருப்பவன் சட்டைப் பையைப் பொத்திக்கொள்வான். "ஆனா ஃபைனல்ல மேனேஜருக்கு மயக்கம் வந்து நீதான பாத்த. ரெண்டுக்கு ஒண்ணு நாம முன்னால நிக்கோம். ரெண்டு கோலும் போட்ட பயல எதுக்குய்யா வெளிய எடுத்த?"

முனியராஜ் மறைக்கத் தெரியாதவன். "பெஞ்சுல இருந்த பயலோட அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தாக அண்ணாச்சி. மகன் ஆடுறத ஒரு தடவையாச்சும் பாக்கணும்னு."

மண்டி குலுங்கியது.

"நல்ல வேள, அப்பன் வரல," என்றான் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிற சோலைச்சாமி. "வந்திருந்தா கோல்கீப்பரையும் மாத்தியிருப்பாரு."

"அவுக வீட்டு நாய் வந்திருந்தா ரெஃபரியையே மாத்தியிருப்பாருலே."

"அது கெடக்கட்டும். மேனேஜர்னா பயலுகள முறைக்கணும்ல. முறைக்கணும்னா புருவம் வேணும். இவரு கோவத்துல இருக்காரா கொட்டாவி விடப் போறாரான்னு பயலுகளுக்கு எப்படித் தெரியும்?"

"மைய வச்சு வரஞ்சுக்கிட வேண்டியதுதான்."

"மழ பெஞ்சா?"

"பெஞ்சா மேட்ச்சே கெடையாதுல்லா. மேனேஜரும் தேவையில்ல."

முனியராஜும் சிரித்தான். அவன் சிரித்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

போட்டிக்கு நின்ற இன்னொருவர் தூத்துக்குடி சங்கிலிமுத்து. ஆள் வரவில்லை, பெயர் மட்டும் வந்திருந்தது. இடைவேளையில் ஆட்டக்காரர்களை வரிசையில் நிறுத்திக் கன்னத்தில் அறைவார். மூன்று குழுவுக்கு மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தவர்.

"அறைஞ்சா ஓடத்தான் செய்வான்," என்றான் காளீஸ்வரன். "ஆனா மறு வருசம் இருப்பானா? அவரு பாத்த மூணு டீமும் இப்ப எங்க இருக்கு? ஒரு டீமு கலஞ்சுபோச்சு. இன்னொண்ணுல பதினோரு பேரு தேறல."

"டீமு போனா என்னடே," என்றான் சோலைச்சாமி. "கப்பு பீரோவுல இருக்கும்ல?"

காளீஸ்வரன் பார்த்தான். ஆட்டத்தைப் பேசி இந்தச் சரக்கை விற்க முடியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சிமாரே, கப்பு இந்த வருசம் வரலன்னா அடுத்த வருசம் வரும். இந்த மனுசன் காலைல வேன்ல ஏறும்போது என் தங்கச்சி வாசல்ல நிப்பா. சாயங்காலம் வேன் வந்து இவரு காலு தரையில படுற வரைக்கும் அவளுக்குப் பச்சத்தண்ணி எறங்காது. ஒவ்வொரு நாளும் இதே கததான். ஒன்பது பேரு நெனச்சா ஒரு ஆள அந்த ரூம்ல இருந்து வெளிய தூக்கிடலாம். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். வத்தல் மண்டியில் அது எதனால் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். சங்கரபாண்டியனே, "காளி சொல்லுறதுலயும் நியாயம் இருக்கு," என்றார். காளீஸ்வரன் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். வாங்கப் போகிறவன் முகம் அவனுக்குத் தெரியும். குறைந்தது ஆறு தேறும்.

கை தூக்கி ஓட்டுப் போட்டால் நாளைக்கு முகத்தில் முழிக்க முடியாது. அதனால் மண்டி வழக்கப்படியே செய்வதென்று முடிவாயிற்று. விலை பேசும்போது தரகர் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரல் பிடித்தானோ அதுதான் விலை, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. சீனிவாசக அண்ணாச்சி நாற்பது வருஷம் அப்படி விலை வாங்கியவர். குழுவில் அவருக்கு ஓட்டுக் கிடையாது. அவருடைய ஒரு விரலைப் பிடித்தால் முனியராஜ், இரண்டைப் பிடித்தால் சங்கிலிமுத்து. ஜெயித்தவர் பெயரை மட்டும் அண்ணாச்சி சொல்வார்.

ஒவ்வொருவராக எழுந்து போய்த் துண்டுக்குள் கையை விட்டார்கள். காளீஸ்வரன் கடைசி.

நடந்து போன ஆறு அடிக்குள் அவனுக்கு ஒரு கணக்கு வந்தது. ஆறு உறுதி. அப்படியானால் தன்னுடையது உபரி. உபரியை எங்கே போட்டாலும் ஒன்றுதான். சிவகாசிக்காரர்கள் இறுதியாட்டம் முடிந்ததும் தங்கள் கூடாரத்துக்கு முன்னால் பத்தாயிரம் வாலா கொளுத்தி, வெடித்து ஓயும்வரை காதைப் பொத்தாமல் நின்று தன்னையே பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒரு ரசிகன் மனசுக்குள் என்ன ஆசைப்பட்டான் என்று ஒரு விரலாவது உண்மை சொல்லட்டுமே. துண்டுக்குள் போன கை, அண்ணாச்சியின் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தது.

அண்ணாச்சி அவனை நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வருஷ முகம், ஒன்றும் காட்டவில்லை.

"சங்கிலிமுத்து," என்றார்.

காளீஸ்வரன் கணக்கைத் திருத்திக்கொண்டான். சரி, ஆறு நாலாகிவிட்டது போல. யாரோ இரண்டு பேர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். அவர்கள் யாரென்று முகத்தில் கண்டுபிடித்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்டால், தங்கச்சியிடம் சொல்ல ஒரு கதையாவது மிஞ்சும்.

"எம்புட்டு வித்தியாசம், அண்ணாச்சி?"

"ஜெயிச்ச ஆளச் சொல்லியாச்சு. விடு."

"அதெப்படி விட. இவருக்காக நின்னவக எத்தன பேருன்னு இவருக்குத் தெரிய வேண்டாமா?"

"வேண்டாம்டே, காளி."

"சொல்லுங்க அண்ணாச்சி. கணக்குன்னா கணக்கு."

சீனிவாசகம் துண்டை மடித்துத் தோளில் போட்டார். "ஒன்பது," என்றார்.

"ஒன்பது பேருதான இருக்கோம்."

"ஆமா."

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்தது வெட்கம் இல்லை, கோபம். ஒவ்வொருவரும் தர்மத்தைப் பக்கத்திலிருப்பவர் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். பக்கத்திலிருப்பவர் ஏமாற்றிவிட்டார்.

"ஏலே சோலைச்சாமி, நீ கண்ணத் தொடச்சியே. நீ அவருக்குப் புடிப்பேன்னுல நான் நெனச்சேன்," என்றார் சங்கரபாண்டியன்.

"நான் உங்கள நெனச்சேன். நியாயம் இருக்குன்னு சொன்னது யாரு?"

"நியாயம் இருக்குன்னுதான் சொன்னேன். புடிக்கேன்னா சொன்னேன்?"

பிறகு, சொல்லிவைத்தது போல, எட்டு பேரும் காளீஸ்வரன் பக்கம் திரும்பினார்கள். ஒன்பதில் ஒன்று அவனுடையது என்பது அப்போதுதான் உறைத்தது. அதோடு அவர்கள் முகம் லேசாயிற்று. தங்களைவிடக் கேவலமான ஆள் ஒருவன் கிடைத்துவிட்டான்.

"வேணும்னா இன்னொரு தடவ புடிப்போமா?" என்றான் சோலைச்சாமி, யாரும் சரி என்று சொல்லிவிடக் கூடாதே என்கிற குரலில். யாரும் சொல்லவில்லை. காளீஸ்வரனும் சொல்லவில்லை. அதற்குள் சங்கரபாண்டியன் செல்போனை எடுத்துத் தூத்துக்குடிக்குப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து, "வெள்ளிக்கெழமையே வந்துருதாகளாம்," என்றார். மண்டியில் கல்யாண வீட்டுக் களை வந்தது. இடது பக்கம் யாரை நிறுத்துவார், முதல் அறை யாருக்கு விழும் என்று பந்தயம் கட்டத் தொடங்கினார்கள்.

முனியராஜ் எழுந்து வேட்டியில் ஒட்டிய வத்தல் விதையைத் தட்டினான். "வாறேன் அண்ணாச்சி," என்று சீனிவாசகத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டான்.

அவனும் காளீஸ்வரனும் வந்தது ஒரே டி.வி.எஸ். ஐம்பதில். அதிலேயே திரும்ப வேண்டியிருந்தது. ரயில்வே கேட் தாண்டியதும் காளீஸ்வரன் தலையைத் திருப்பாமல் சொன்னான்: "மாப்ள, நான் என்ன நெனச்சேன்னா—"

"லாரி வருது. ரோட்டப் பாத்து ஓட்டுங்க மச்சான்."

மாரிசெல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். இரண்டு முகத்தையும் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "எம்புட்டுல போச்சு?" என்றாள்.

காளீஸ்வரன் வாயைத் திறந்தான்.

"அஞ்சுக்கு நாலு," என்றான் முனியராஜ். "ஒரே ஒரு ஆளுதான். உங்க அண்ணன் விடாமப் பேசுனாக. எனக்குத்தான் விரலப் புடிச்சாக."

மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தராச்சும் இருக்கீகளே அண்ணே," என்றாள். "உள்ள வாங்க. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

வேலை கிடைத்துவிடும் என்று கோழி அடித்திருந்தாள். வேண்டாம் என்று காளீஸ்வரன் எழப் பார்த்தான். முனியராஜ் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கையை வைத்து அமர்த்தினான். பிறகு பொண்டாட்டியைப் பார்த்து, "மச்சானுக்கு இன்னுங் கொஞ்சம் கறி வையி," என்றான்.

அவள் வைத்தாள். காளீஸ்வரன் சாப்பிட்டான். முனியராஜ் கடைசி வாய் வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். புருவம் இல்லாத அந்த முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"இன்னுங் கொஞ்சம் வையி," என்றான் மறுபடியும்.