அடுப்பு மேடையில் இரண்டு முழங்கைகள்

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ஏறினேன். லேடீஸ் பெட்டியில் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆமா, ஐரோலிக்குத்தான் போறோம். தனியா... சண்டையா? சண்டையெல்லாம் இல்ல. ஓரகத்தி தங்கமான மனுஷி... பெறகு எதுக்குன்னு கேக்குறியா? முழங்கைதான்."

அடுத்த ஸ்டேஷன் சயான். அவள் இறங்கிப் போய்விட்டாள்.

முழங்கைக்காக யாராவது வீடு மாறுவார்களா? இதையே யோசித்துக்கொண்டிருந்ததில் குர்லாவில் என் செம்பூர் வண்டியைத் தவறவிட்டேன். அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபோது, அவள் போனை எந்தக் கையில் பிடித்திருந்தாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை. இடது கை என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆக, கதையின் முதல் பொய் பிளாட்பாரத்திலேயே சொல்லப்பட்டாயிற்று. மற்றவை வீட்டில்.

2

முதல் தொடக்கம்: "மாரீஸ்வரி பிறந்தபோதே அவளுடைய இடது கை

வேண்டாம். பிறந்த குழந்தைக்கு இரண்டு கையும் ஒன்றுதான். இரண்டையும் வாயில்தான் வைக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "தாராவியின் சந்துகளில் விடியல் என்பது

இதுவும் வேண்டாம். தாராவியில் விடிவதைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் அந்த நேரத்தில் அங்கே கத்தரிக்காய் நறுக்கியவர்கள் இல்லை. நானும்தான்.

மூன்றாம் தொடக்கம்: "அந்தச் சமையல் மேடையின் நீளம் நாலே முக்கால் அடி." இது நிற்கும். அளவில் தொடங்கினால் பொய் சொல்வது கொஞ்சம் கடினம்.

நாலே முக்கால் அடி மேடை. இடது ஓரத்தில், ஜன்னலை ஒட்டி, அடுப்பு. வலது ஓரத்தில், வாசலை ஒட்டி, குழாய். அடுப்பின் முன்னால் ஆறுமுகத்தாய். குழாயின் முன்னால் அவளுடைய ஓரகத்தி மாரீஸ்வரி. அண்ணன் இசக்கிராஜின் மனைவி ஆறுமுகத்தாய், மூத்தவள். தம்பி வேல்ராஜின் மனைவி இளையவள். பக்கத்துத் தோல் பட்டறைகளுக்கு இருவரும் சேர்ந்து தினமும் நாற்பது மதியச் சாப்பாடு கட்டுகிறார்கள். பதினோரு மணிக்கு இசக்கிராஜ் சைக்கிளோடு வந்து நிற்பார். அதற்குள் டப்பாக்கள் மூடியிருக்க வேண்டும்.

மாரீஸ்வரி இடது கைக்காரி. மூன்று வருஷமாக, காலை ஆறரையிலிருந்து பதினொன்று வரை, அவளுடைய இடது முழங்கையும் ஆறுமுகத்தாயின் வலது முழங்கையும் மோதிக்கொண்டே இருக்கின்றன.

"ஏட்டி, இடிக்காத."

"நான் எங்கக்கா இடிச்சேன்? நீங்கதான் கிண்டும்போது இங்கிட்டு வர்றீங்க."

"கரண்டி வட்டமாத்தான் சுத்தும். ஒனக்காகச் சதுரமாவா சுத்த முடியும்?"

"அப்ப கத்தி எங்க போவும்? வாயில கவ்விக்கிட்டு நறுக்கட்டுமா?"

வெளியே டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கிராஜ் குரல் கொடுத்தார்: "தலைக்கு ஹெல்மெட் இருக்க மாதிரி முழங்கைக்கும் ஒண்ணு விக்கான். ரெண்டு ஜோடி வாங்கியாரட்டா?"

"நீங்க ஒங்க சோலியப் பாருங்க" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

(கூர்மையான வாசகருக்கு இந்த இடத்திலேயே ஒன்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியப் பதினோரு நாள் ஆயிற்று. தெரிந்தவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.)

3

மாரீஸ்வரியைப் பாவப்பட்டவளாக எழுத முயன்றேன். அவள் ஒத்துழைக்கவில்லை.

உல்லாஸ்நகரில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் இடது கையில் அடி வாங்கினாளா என்று அவளிடம் கேட்டேன். (கேட்டேன் என்றால், கேட்பது போல ஒரு பத்தி எழுதினேன்.) "வாங்குனேன். ஆனா அடிச்ச டீச்சருக்கே கை வலிச்சிட்டு" என்றாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

அடுத்து ஆறுமுகத்தாயைக் கொடுமைக்காரியாக்கிப் பார்த்தேன். அதற்கு ஒரு வசதி இருந்தது. அவளிடம் ஒரு சட்டம் உண்டு: அடுப்பிலும் உப்பிலும் சோத்தாங்கைதான்* படவேண்டும். நறுக்கலாம், கழுவலாம், தேங்காய் துருவலாம். கொதிக்கிற பாத்திரத்தில் இடது கை கூடாது.

"நறுக்குன காயெல்லாம் இந்தக் கையில நறுக்குனதுதான அக்கா? அதத்தான கொதிக்க வைக்கிறீங்க?" என்று மாரீஸ்வரி வந்த புதிதில் கேட்டிருக்கிறாள்.

"கொதிச்சா எல்லாம் சரியாப் போவும்" என்றாளாம் ஆறுமுகத்தாய்.

இப்படிப் பதில் சொல்கிறவளை எப்படிக் கொடுமைக்காரியாக்குவது? அதுவும் போக, இளையவளுக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுகிறவள் அவள். இளையவள் எடுத்துக்கொடுத்த சிவப்பு நைட்டியை, பிடிக்காவிட்டாலும், வாரம் இரண்டு முறை போடுகிறவள்.

* சோறு தின்கிற கை சோத்தாங்கை. மற்றக் கைக்குப் பேச்சுத் தமிழில் உள்ள பெயர் உங்களுக்கே தெரியும். சமையலறைக் கதையில் அதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு உடம்பில் ஒட்டியிருக்கிற இரண்டு கைகளில் ஒன்றுக்குச் சோறும் இன்னொன்றுக்குக் கழுவுவதும் என்று வேலை பிரித்துக் கொடுத்தது யார்? மாரீஸ்வரி சாப்பிடுவது வலது கையால்தான். பிறர் கையில் எதையும் கொடுப்பது வலது கையால்தான். வேலை செய்வது மட்டும்தான் இடது. அவளுக்குக் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் பார்க்கிறவர்களுக்கு.

4

அப்படியானால் அவள் எதற்கு ஐரோலிக்குப் போகிறாள்?

வேல்ராஜுக்கு அங்கே ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ஏசி மெக்கானிக் வேலை. தினமும் வண்டி மாறி மாறிப் போய் வருகிறான். அதனால் வீட்டில் சொல்லப்படும் காரணம் ரயில்.

"டிராவல் மிச்சம். அண்ணங்கிட்டயும் மைனிட்டயும் நான் பேசிக்கிடுதேன். நீ சும்மா காலி பீலி டென்ஷன் ஆகாத" என்றான். "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டா ரூம் பக்கா."

மாரீஸ்வரி தலையாட்டினாள். அவளுடைய காரணம் முழங்கை. அதையும் தாண்டி உள்ளே ஒன்று இருந்தது. அதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை என்பதால் நான் சொல்கிறேன்: மூன்று வருஷத்தில் அவள் ஒரு குழம்பில்கூட உப்புப் போட்டதில்லை. ஒருநாள் ஐரோலியில் அந்த அறையைப் பார்க்கப் போனபோது, வேல்ராஜ் பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வெறும் மேடையின் முன்னால் நின்று, இல்லாத அடுப்பில், இல்லாத குழம்பில், இடது கையால் உப்பைத் தூவிப் பார்த்தாள். பிறகு யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

நான் பார்த்தேன். அந்த நிமிஷத்தில்தான் இந்தக் கதையை முடிக்காமல் விடக்கூடாது என்று தோன்றியது.

ஆனால் அதே அறையில் அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. இந்த மேடையில் நின்று யாரிடம் பேசுவது? வேல்ராஜ் தூங்கும்போது ரயில் அறிவிப்பு மாதிரி குறட்டை விடுவதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? நாற்பது சாப்பாட்டை அக்கா ஒற்றை ஆளாக எப்படிக் கட்டுவாள்? மாட்டாள். சாப்பாட்டு வேலையே நின்றுபோகும்.

ஆக, கணக்கு இதுதான். போனால் அடுப்பு கிடைக்கும், அக்கா போய்விடுவாள். இருந்தால் அக்கா இருப்பாள், அடுப்பு இல்லை.

(மாரீஸ்வரிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வேல்ராஜுக்கு அதுவும் வராது. ஆறுமுகத்தாய் மட்டும் நன்றாகப் படிப்பாள். அதனால்தான் அவளுக்குச் சாதகமாக எழுதுகிறேனோ என்று ஒரு சந்தேகம் உள்ளே அரிக்கிறது.)

5

கதையை மூன்றாவது முறை எழுதியபோது ஆறுமுகத்தாயின் வலது கையில் கொதிக்கிற எண்ணெயைக் கொட்டினேன்.

கதைக்கு அது வசதி. மூத்தவளின் கையில் கட்டுப் போட்டிருக்கும். இளையவள் அடுப்புக்கு வருவாள். இடது கைச் சமையலை நாற்பது பேரும் மெச்சுவார்கள். மூத்தவள் கண் கலங்குவாள். எழுதி முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன். ஒரு பெண்ணுக்கு அடுப்பு கிடைக்க இன்னொரு பெண்ணின் கை வேகவேண்டுமா? அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். இப்போது ஆறுமுகத்தாயின் கையில் ஒரு தழும்புகூட இல்லை. நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு எதுவும் ஓடாததால் எதிர் வீட்டு ஹபீபாவைக் கூப்பிட்டேன். அவள் இடது கைக்காரி. "கொஞ்ச நேரம் என் மேடையில நின்னு வெங்காயம் நறுக்குறியா? கதைக்கு வேணும்."

"கதைக்கா, சாம்பாருக்கா?"

"ரெண்டுக்கும்."

வந்தாள். நான் அடுப்பில், அவள் என் வலது பக்கத்தில். நாலாவது வெங்காயத்தில் என் முழங்கையில் சுரீர் என்று ஒரு இடி. வலியில்கூட எனக்குச் சந்தோஷம்: கதை சரியாகத்தான் இருக்கிறது!

ஹபீபா கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுல இந்தப் பிரச்சினையே இல்ல. நான் எப்பவும் இடது ஓரம்." என் தோளைப் பிடித்து வலது பக்கம் தள்ளிவிட்டு, தான் என் இடத்துக்கு வந்து நின்றாள். அவ்வளவுதான். அவளுடைய முழங்கை ஜன்னல் பக்கம் போயிற்று, என்னுடையது வாசல் பக்கம். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு காற்று.

பதினோரு நாள் யோசித்தது ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. தீர்ந்ததும்தான் உண்மையான சிக்கல் தெரிந்தது. ஆறுமுகத்தாயும் மாரீஸ்வரியும் இடம் மாறினால் அடுப்பு இளையவளிடம் போய்விடும். மூத்தவள் காய் நறுக்கவேண்டும். அடுப்புக்கு முன்னால் நிற்பதுதான் அந்த வீட்டில் அவள் மூத்தவள் என்பதற்கு இருக்கிற ஒரே சான்று. வேறு நாற்காலி அவளுக்கு யாரும் போட்டுக்கொடுக்கவில்லை.

"ஹபீபா, நீ கதைக்குள்ள வந்து அவங்ககிட்ட இதச் சொல்லிடுறியா?"

"என்ன எதுக்கு உள்ள இழுக்குறீங்க? நான் செம்பூர், அவங்க தாராவி. வெங்காயம் போதுமா?"

6

சனிக்கிழமை. டோக்கன் கொடுக்க ஒரு நாள் இருக்கிறது.

இங்கிருந்து வருவதெல்லாம் நான் திட்டமிடாதது. மாரீஸ்வரி ஆறரைக்குச் சமையலறைக்குள் வந்தாள் என்று எழுதினேன். அடுத்த வரியில் ஆறுமுகத்தாய் குழாய்ப் பக்கம் நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எடம் மாறி நிக்கிறீங்க?"

"பழகிப் பாக்கேன். நாளப்பின்ன நீ போயிட்டா காயி எவ நறுக்குவா? நாந்தான நறுக்கணும்." அவள் நிமிரவில்லை. "நாப்பது பேருக்கு நறுக்க எம்புட்டு நேரம் ஆவுதுன்னு தெரிய வேண்டாமா?"

"அப்ப அடுப்பு?"

"அது எங்கயும் ஓடிப் போவாது. ஒல வை."

மாரீஸ்வரி அடுப்பின் முன்னால் போய் நின்றாள். லைட்டரை இடது கையில் எடுத்தாள். வலது கையால் அடுப்பின் குமிழைத் திருப்பினாள். பற்றிக்கொண்டது. அரிசி வெந்தது, பருப்பு வெந்தது. பீன்ஸ் ஒரு பக்கமிருந்து வந்து விழுந்துகொண்டே இருந்தது. அந்த நீளமான காலையில் யாரும் யாரையும் இடிக்கவில்லை. இடிக்காதது இருவருக்குமே தெரியவில்லை. வலி வந்தால் தெரிகிற மாதிரி வலி வராதது தெரிவதில்லை. ஏதோ குறைகிறது என்று மட்டும் மாரீஸ்வரிக்குத் தோன்றியது. காலையிலிருந்து அக்கா இன்னும் ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

சாம்பார் கொதித்தது.

"அக்கா, உப்பு."

கத்தி நின்றது. இந்த இடத்தில் நானும் பேனாவை நிறுத்தினேன். உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தபோதும் கத்தி நின்றேதான் இருந்தது.

"எங்கையி ஈரமா இருக்குல்லா" என்றாள் ஆறுமுகத்தாய். "நீயே போடு."

மேல் தட்டில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எட்டினால் கிடைக்கிற தூரம்தான். அவள் எட்டவில்லை.

மாரீஸ்வரி வலது கையை ஜாடிக்குள் விட்டாள். எடுத்த உப்பு கூடவா குறைவா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. திரும்பப் போட்டுவிட்டு, இடது கையால் அள்ளினாள். அந்தக் கைக்குத் தெரிந்தது. போட்டாள். ஆறுமுகத்தாய் அந்த நேரம் பார்த்து ஒரு பீன்ஸை வெகு கவனமாக நாரெடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வந்து, கரண்டியில் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

(இந்த "ம்"முக்குப் பதில் ஏழு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் பாராட்டினாள். ஒன்றில் மன்னிப்புக் கேட்டாள். ஒன்றில் பெண்களின் ஒற்றுமையைப் பற்றியே பேசினாள். அன்று எனக்குக் காய்ச்சல். ஏழையும் அடித்துவிட்டேன்.)

பத்தரைக்கே நாற்பது டப்பாக்களும் மூடியாயிற்று. இசக்கிராஜ் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னது, அதுக்குள்ளயா? கடையில ஆர்டர் குடுத்து வாங்கிட்டியளா?"

"ஆமா, ஒங்க மாமியார் கடை" என்றாள் ஆறுமுகத்தாய். அவர் சிரித்துக்கொண்டே டப்பாக்களைத் தூக்கிப்போனார்.

சமையலறையில் இருவர் மட்டும். மூத்தவள் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். இளையவள் அடுப்பைத் துடைத்தாள். உப்பு ஜாடி ஜன்னல் பக்கம், அவளுடைய இடது கைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்திருந்தது. ஆறுமுகத்தாய் அதைப் பார்த்தாள். பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். மாரீஸ்வரிக்குத் தெரியுமா?

அப்போது வேல்ராஜ் போன் செய்தான். ஸ்பீக்கரில் அவன் குரல் கணீரென்று வந்தது. "ஏய் மாரி, புரோக்கர் கேக்கான். நாளைக்குப் பத்து மணி பக்காவா? ஹான்னு சொல்லு, இல்ல நஹீன்னு சொல்லு, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

ஆறுமுகத்தாய் குழாயை மூடினாள். பாத்திரம் இன்னும் பாதிதான் கழுவியிருந்தது.

7

இரண்டு பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் மாரீஸ்வரி "பக்கா" என்கிறாள். ஆறுமுகத்தாய் குழாயைத் திறக்கிறாள். தண்ணீர் பெரிய சத்தத்தோடு விழுகிறது.

இன்னொன்றில் "பொறுங்க, இங்க ஒரு சோலி இருக்கு, சாயங்காலம் பேசுவோம்" என்கிறாள். அதிலும் ஆறுமுகத்தாய் குழாயைத் திறக்கிறாள். அதே தண்ணீர், அதே சத்தம். ஒன்றில் அவள் அழுவது கேட்கக்கூடாது என்று திறக்கிறாள், மற்றதில் சிரிப்பது.

இரண்டையும் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். இரண்டாவதை எழுத எனக்கு ஆசை. ஆனால் என் ஆசைக்காக அவளை ஒரே வீட்டில் இருத்திவைப்பது, எண்ணெயைக் கொட்டியதைவிட எந்த விதத்தில் மேல்? தனி அடுப்பு வேண்டும் என்று நினைத்தவள் அவள். அடுப்பு இங்கேயே கிடைத்துவிட்டது என்று முடிவு செய்யவேண்டியவளும் அவள்தான். ஒரு காலைப்பொழுது அதற்குப் போதுமா? அக்கா திங்கட்கிழமையும் அந்த ஓரத்திலேயே நிற்பாளா? அவளை அருகிலிருந்து பார்த்த எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீங்களும் இவ்வளவு நேரம் இதே சமையலறையில்தான் நின்றிருக்கிறீர்கள்.

குழாய் மூடியே இருக்கிறது. வேல்ராஜ் லைனில் இருக்கிறான். சொல்லுங்கள்.