பல் பதிந்த கொட்டைகள்

செல்லையனுக்குக் காப்பிப் பைத்தியம் என்றுதான் ஊரே சொல்லும். பாறசாலைக்குக் கிழக்கே அந்தச் சரிவில் எல்லாரும் மரச்சீனிக் கிழங்கும் நல்லமிளகும் போட்டு நிம்மதியாக இருக்க, இவன் மட்டும் பலா மரங்களின் நிழலில் காப்பிச் செடி வைத்தான். வைத்தவன் மற்றவர்களைப் போலப் பழத்தை அப்படியே முற்றத்தில் கொட்டிக் காயப்போட்டானா என்றால் அதுவும் இல்லை. சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும், அன்றைக்கே தோலைப் பிதுக்க வேண்டும், தொட்டியில் ஊறவைத்து வழுவழுப்புப் போக அலச வேண்டும், பிறகுதான் பாயில் பரப்ப வேண்டும். மனைவி கார்த்தியாயினியின் இடுப்பு ஒடிந்தது. ஆனால் நெய்யாற்றின்கரைச் சந்தையில் அவர்கள் காப்பிக்கென்றே ஆள் காத்துக் கிடந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க அவன் ஒரு கொட்டையை எடுத்து முன்பல்லால் கடிப்பான். பல் இறங்கினால், "இன்னும் ஈரம் உண்டு" என்று பாயிலேயே போட்டுவிடுவான். டக்கென்று உடைந்தால் மூட்டை கட்டலாம். பலாவிலிருந்து விழுந்து பாதி உடைந்த முன்பல் அவனுக்கு. அவன் கடித்த கொட்டையில் ஒரு பக்கம் நேர்க்கோடும் மறுபக்கம் சாய்வாக ஒரு கீறலும் விழும். மூட்டைக்குள் கலந்து கிடந்தாலும் கார்த்தியாயினி அதை எடுத்துக் காட்டிவிடுவாள்.

திருவிதாங்கூரின் தமிழர் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டு ஊர் ஊராக ஊர்வலம் நடந்த வருடம் அது. ஆடிக் கடைசியில் ஓர் ஊர்வலத்துக்குப் போன செல்லையன் திரும்பவில்லை. அங்கே துப்பாக்கி வெடித்திருந்தது. செத்தவர்களில் ஒருவன் என்றார்கள் சிலர். மலையேறி ஒளிந்திருக்கிறான் என்றார்கள் சிலர். போலீஸ்காரர்கள் வந்து வீட்டைக் கிளறிவிட்டுப் போனார்கள். கூடப் போன தம்பி சுயம்பு மட்டும், அண்ணன் போய்விட்டான், காரியம் செய்துவிடலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

"உடம்ப நீ கண்டியா?" என்று அவள் கேட்பாள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். உடம்பைக் காட்டாமல் தாலியைக் கழற்றச் சொல்ல நீ யாரடா என்று அவனை ஒரு பிடி பிடித்தாள். நியாயம்தானே? உயிரோடு இருக்கிறவனுக்குப் பதினாறு கும்பிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டு தொலைப்பது?

கார்த்திகையில் பழம் சிவந்தது. அந்த வருடம் மூலையில் பாறையோரம் நின்ற செடி முந்திக்கொண்டது. இலை தெரியாமல் காய்த்திருந்தது. அது சொத்தைக் காய், கிளி தின்னட்டும், விடுங்கள் என்றான் சுயம்பு. அவன் அந்தப் பக்கமே போகமாட்டான். அவன் சொன்னால் கேட்கிறவளா அவள்? பழுத்ததையெல்லாம் பறித்து, பிதுக்கி, ஊறப்போட்டாள்.

பாயில் பரப்பிய மறுநாள், கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஒரு கொட்டையில் நேர்க்கோடு. திருப்பினால் சாய்ந்த கீறல்.

சட்டென்று எழுந்துவிட்டாள். சந்தோஷத்தில்தான். தான் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து வந்திருக்கிறான், வந்த இடத்திலும் புத்தி காப்பியில்தான், பெண்டாட்டியைப் பார்க்கத் தோன்றவில்லை பார் என்று வாய்க்குள் திட்டினாள். அடுத்த நாள் பாயருகே மரச்சீனியும் மீன்கறியும் மூடிவைத்துவிட்டு வேண்டுமென்றே கிணற்றடியில் தாமதித்தாள். திரும்பி வந்தபோது மூடியது மூடியபடி இருந்தது. பாயில் மட்டும் கடிபட்ட கொட்டைகள் இன்னும் சில.

சுயம்புவிடம் சொன்னாள். அவன் முகம் வெளிறிப்போயிற்று. இந்தச் சேதி கேட்டுச் சந்தோஷப்படாதவனும் ஒரு தம்பியா என்று அவளுக்கு எரிச்சல்.

பிறகு ஒரு பகல் முழுக்கப் பாயை விட்டு நகராமல் உட்கார்ந்தாள். கோழி வந்தது, விரட்டினாள். வேறு யாரும் வரவில்லை. வெயில் தாழ்ந்து கொட்டையை வாரும்போது, அள்ளிய ஒவ்வொரு பிடியிலும் பல் பதிந்த கொட்டை இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

காலையில் மிச்சப் பழம் பறிக்க மூலைச் செடிக்குப் போனாள். ஒரு பழத்தைக் கைப்பழக்கத்தில் சும்மா பிதுக்கினாள். கீறல் படாத பழம், தோல் மினுமினுவென்று இருந்தது. உள்ளிருந்து வழுக்கி வந்த இரண்டு கொட்டையிலும் பல் தடம். இன்னொன்றைப் பிதுக்கினாள். அதிலும். பக்கத்துச் செடியில் ஒன்றைப் பிதுக்கினாள், ஒன்றுமில்லாத வெறும் கொட்டை. மறுபடி மூலைச் செடிக்கு வந்தாள். பல்.

காலுக்குக் கீழே பார்த்தாள். மற்ற செடிகளைச் சுற்றி மண் இறுகிக் கிடந்தது. இங்கே மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு உள்வாங்கியிருந்தது.

சுயம்புவைக் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. வந்தவன் கையில் ஒரு பழத்தை வைத்தாள்.

"பிதுக்கு மக்கா."

பிதுக்கினான். உள்ளங்கையைப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணனத் தூக்கிட்டு வாற வழியிலயே உயிரு தீந்துட்டு மைனி. நீங்க அழுதா ஊரறியும். போலீசு தோண்டி எடுத்துட்டுப் போவும், தூக்கின எங்களையும் பிடிச்சுப் போடும். பயந்துட்டேன்."

அவள் அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. ஏச வேண்டியதெல்லாம் ஆடியிலிருந்தே ஏசித் தீர்த்தாயிற்று.

"அவியளுக்குத் தல எந்தப் பக்கம்?"

"தெக்கயாக்கும்."

தெற்கே போய் உட்கார்ந்தாள். கையிலிருந்த கொட்டையைப் புருஷனின் தடம் பதிந்த இடத்திலேயே கடித்தாள். பல் இறங்கியது.

"இன்னும் ஈரம் உண்டு," என்றாள். "இது காயட்டும். பெறகு பதினாறு வைக்கலாம்."

அந்தச் செடியின் மிச்சப் பழத்தை இருவருமாகப் பறித்து, பிதுக்கி அலசி, தனிப் பாயில் போட்டார்கள். தினமும் அந்தியில் அவள் ஒரு கொட்டையைக் கடிப்பாள். சுயம்பு எதிரே நின்று அவள் முகத்தையே பார்ப்பான். ஈரம் உண்டு என்பாள். அவன் பாயைச் சுருட்டி உள்ளே கொண்டு வைப்பான்.

மார்கழி வெயிலில் ஒரு நாள் கொட்டை டக்கென்று உடைந்தது. சரி என்று தாலியைக் கழற்றிச் சுயம்புவிடம் கொடுத்தாள். புருஷன் கடித்த கொட்டையில் ஒன்றையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று பாயில் கையை விட்டாள். நேற்றுவரை கொட்டைக்குக் கொட்டை இருந்த தடம்தானே. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். ஒன்றுமில்லை. இன்னொன்றை எடுத்தாள். பாய் முழுக்க வாரி வாரிக் கொட்டிப் பார்த்தாள். ஒரு கொட்டையிலும் பல் தடம் இல்லை.

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.