களர்க்காட்டின் தென்மூலை

மேட்டூரில் அணை கட்டி முடிந்து, கல் ஏற்றிய வண்டிக்காரர்களை எல்லாம் அனுப்பிவிட்ட வருஷம், மருதாசலமும் ஊர் திரும்பினான். ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையோரம் அவன் ஊர். வாசலில் வண்டியை அவிழ்த்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினான். தம்பி செங்கோடன் உள்ளே கூப்பிட்டபோது, "இருக்கட்டும், இங்கயே காத்தாட இருக்குது" என்று வண்டி நிழலிலேயே உட்கார்ந்துகொண்டான்.

அப்பன் போனபிறகும் நிலம் பிரிக்காமல் கிடந்தது. செங்கோடன் நியாயமான ஆள். சோறு போட்ட கையோடு அந்தப் பேச்சை எடுத்தான்.

"வாய்க்கால் பாயற வயல நீங்க எடுத்துக்கோங்க, அண்ணா. மூத்தவரு நீங்கதானுங்க."

"வயலும் ஊடும் உனக்கே இருக்கட்டும். எனக்கு அந்தக் களர்க்காடு போதும்."

"அதுல என்னத்தீங்க வெளைய வெப்பீங்க? பில்லுகூட மொளைக்காதுங்களே."

"பாக்கலாம்" என்றான் மருதாசலம்.

ஊரில் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அவன் காரணம் எவருக்கும் சொல்லவில்லை. வயலை எடுத்தால் அந்த வீட்டில் இருக்க வேண்டும். அந்த வீட்டின் பின்னறையில்தான் அவன் மனைவி கமலவேணி பிரசவத்தில் இறந்தாள். தாயில்லாத பெண் என்பதால் தலைப்பிரசவமும் புகுந்த வீட்டிலேயே நடந்தது. அவன் அப்போது மேட்டூரில் இருந்தான். சேதி கிடைத்து, மாடுகளை விரட்டிக்கொண்டு அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "புள்ள செத்தேதானுங்க பொறந்துச்சு" என்றான் தம்பி. அதற்குமேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவனும் கேட்காமல், காரியம் முடிந்ததும் கல் வண்டிக்கே திரும்பிப் போய்விட்டான்.

களர்க்காடு ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்குக் கீழே பள்ளத்தில் கிடந்தது. கரையிலிருந்து கசியும் தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள்ளேயே நின்று, வெயில் காலத்தில் உப்பை மேலே தள்ளும். தை பிறந்துவிட்டால் சுண்ணாம்பு தெளித்த மாதிரி நிலமெல்லாம் வெளுத்துவிடும். மழையிலோ கால் வைத்தால் வழுக்கும் சேறு. மருதாசலம் அதன் மேட்டில் ஒரு சாளை போட்டு, பனையோலை வேய்ந்து, மாடுகளோடு அங்கேயே தங்கினான்.

களரைத் திருத்தும் வழி அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாததல்ல. அத்தனை வருஷம் காத்திருக்கத்தான் ஆளில்லை. மருதாசலத்துக்குக் காத்திருப்பது ஒரு கஷ்டமாக இல்லை. வடபுறத்திலிருந்து ஓடைவரை வடிகால் வெட்டினான். மண்ணைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து உயரமாக வரப்புப் போட்டான். மழைத்தண்ணீரைத் தேக்கி, உப்பு கரைந்து இறங்கட்டும் என்று நிறுத்தி, பிறகு வடித்துவிட்டான். கரட்டு மேட்டில் கொழிஞ்சியும் ஆவாரையும் அறுத்து வண்டி வண்டியாக ஏற்றிவந்து, சேற்றில் பரப்பி, மாடுகளோடு தானும் இறங்கி மிதித்தான். அழுகும் தழையின் நாற்றம் அவன் வேட்டியிலும் சோற்றிலும் ஏறியது. ஊரில் அறுவடை முடிந்த மாதங்களில் ஆட்டுக்காரன் ஒருவன் வந்து காட்டில் பட்டி அடைத்தான். பட்டியை இடம் மாற்றி மாற்றிப் போட, ஆடுகளின் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கின. ஆட்டுக்காரன் காது கேளாதவன். மருதாசலம் சொல்வதற்கெல்லாம் சிரிப்பான்.

முதல் வருஷம் ஒன்றும் முளைக்கவில்லை.

பேச்சே இல்லாமல் நாட்கள் போயின. மாட்டை அதட்டுவதோடு சரி. ஒருநாள் ஓடைக்கரையில் தும்மினான்; அந்தச் சத்தம் வேறு யாருடையதோ போலக் கேட்டு, சுற்றும் முற்றும் பார்த்தான்.

பனி இறங்கிய ஒரு விடியற்காலையில்தான் வண்ணாரத் தெரு அத்தாயி கழுதையோடு வந்தாள். ஐம்பது தாண்டியவள். வரப்புக்கு அந்தப் பக்கமே நின்றபடி கேட்டாள்.

"சாமி, மண்ணு எடுத்துக்கட்டுங்களா? உங்கப்பாரு காலத்துலருந்து துணி வெளுக்கற வெள்ளாவிக்கு இங்கதானுங்க எடுக்கறது."

"எடுத்துக்க, அத்தாயி. நீ அள்ள அள்ள எனக்குத்தான நல்லது."

அவள் சிரித்துக்கொண்டே குந்தி உட்கார்ந்து, ஓட்டுச்சில்லால் பூத்திருந்த உவர்மண்ணை மெல்லச் சுரண்டிக் கூடையில் சேர்த்தாள். கை ஓயாதது போல வாயும் ஓயவில்லை. யார் வீட்டில் சீர், யார் வீட்டில் சண்டை, யார் மகள் பெரியவளானாள் என்று ஊரையே அங்கே கொண்டுவந்து கொட்டினாள். அவன் வேப்பங்குச்சியை மென்றபடி வரப்பில் உட்கார்ந்து கேட்டான். கூடை நிறைந்ததும் மூட்டை கட்டிக் கழுதைமேல் ஏற்றி, "வாரேனுங்க சாமி" என்று போனாள். அன்று முழுக்க அவன் மனசு லேசாக இருந்தது.

அதன்பிறகு வெயில் மாதங்களில் அவள் அடிக்கடி வந்தாள். மழை தொடங்கி வெள்ளை கரைந்துவிட்டால் வரமாட்டாள். மழைக்காலம் விவசாயிக்குப் பிடித்த காலம். மருதாசலத்துக்கு மட்டும் அது நீண்டதாக இருந்தது.

அத்தாயிக்காக அவன் காத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரசவத் துணிகளை எடுக்க வீட்டுக்குள் வருகிறவள் அவள். கமலவேணி இறந்த அன்றும் வந்திருப்பாள். அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பான். அவள் மூட்டை கட்டுவாள். சரி, அடுத்த தடவை என்று விட்டுவிடுவான்.

மூன்றாம் வருஷம் வடக்குப் பாத்திகளில் கோரை தலைகாட்டியது. பிறகு அறுகு. களரைத் தாங்கும் முரட்டு நெல்லை அங்கே விதைத்தான். பாதி பதராகப் போனாலும் மீதி மணி பிடித்தது. அடுத்த மழைக்கு மண்வெட்டியால் ஒரு கட்டியைப் புரட்டியபோது, அது மொடமொடவென்று உடையாமல் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு மண்புழு சுருண்டு நெளிந்தது. அதைக் காட்ட ஆள் தேடி நிமிர்ந்தான். மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. கட்டியை இருந்த இடத்திலேயே வைத்து மூடினான்.

வெள்ளை ஒவ்வொரு பாத்தியாகப் பின்வாங்கியது. கடைசியில் தென்மூலையில் மட்டும் மிஞ்சியது.

"எங்கீங்க சாமி, வெள்ளையவே காணோம்?" என்றாள் அத்தாயி. "என் மண்ண எல்லாம் தின்னுப்போட்டீங்களே!"

அவனும் சிரித்தான். ஆனால் அன்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தென்மூலைக்குப் போனவன், வடிகாலுக்குக் கோடு கிழிக்காமலே திரும்பிவிட்டான்.

செங்கோடன் பார்க்க வந்தபோது பச்சையைக் கண்டு வரப்பிலேயே நின்றுவிட்டான். "அந்த மூலைக்கும் வடிகால் இழுத்துட்டீங்கன்னா காடு பூராவும் ஒண்ணாயிருமுங்களே. நாளைக்கே ஆளு அனுப்பட்டுங்களா?"

"வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

ஒரு வருஷம் போயிற்று. பிறகு இன்னொன்று. மூலையில் நின்ற உப்பு சும்மா இருக்குமா? பக்கத்துப் பாத்திக்குள் மெல்ல ஏறியது. நாற்றின் நுனி கருகியது. கரைபோட்டுத் தடுத்துப் பார்த்தான். கரைக்கு அடியில் வந்தது. அப்போதும் அவன் வடிகால் வெட்டவில்லை.

மாசி மாதத்துக் காலை ஒன்றில் அத்தாயி கருகிய பயிரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"சாமி, இந்த மூலைய வேணும்னேதான உட்டு வெச்சிருக்கறீங்க?"

அவன் வேப்பங்குச்சியை மென்றபடி தென்மூலையைப் பார்த்தான்.

"எனக்காவ வேண்டாமுங்க. கரட்டுக்கு அக்கட்டால வேற களரு கெடக்குது. கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். பயிரக் கொன்னு எனக்கு மண்ணு குடுப்பாங்களா?"

இனி அவள் வரமாட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. வேப்பங்குச்சியைத் தூர எறிந்தான்.

"அத்தாயி, அன்னிக்கு நீ ஊட்டுக்கு வந்திருந்தியா?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. ஓட்டுச்சில்லைக் கீழே வைத்தாள்.

"வந்திருந்தேனுங்க. பொழுது உச்சிக்கு ஏறையில துணிக்கு வந்தேன். மருத்துவச்சி கசாயம் காய்ச்ச அடுப்பங்கரைக்குப் போயிருந்தா. அம்மணி வலியோட தனியாத்தான் கெடந்துச்சு."

"எதாச்சும் சொன்னாளா?"

"உங்களத் திட்டுச்சுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நல்லாவே திட்டுச்சு. 'ஊரு ஒலகத்துக்கெல்லாம் தண்ணி தேக்கப் போயிருக்கறாரு, இங்க ஒரு சொம்புத் தண்ணி குடுக்க ஆளில்ல'ன்னு."

மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது கமலவேணியின் பேச்சேதான். அந்தத் துடுக்கை அவன் இத்தனை வருஷத்தில் மறந்தே போயிருந்தான். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அவன் ஓயும்வரை அத்தாயி பொறுத்தாள்.

"நான்தானுங்க தண்ணி மொண்டு குடுத்தேன். எங்கையால குடுக்கலாமான்னு தெகைச்சு நின்னேன். அம்மணி கைய நீட்டிருச்சு. முழுச் சொம்பும் குடிச்சுது. இத நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லீங்க."

"நல்லது பண்ணுன" என்றான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "புள்ள?" என்றான்.

"பொட்டப்புள்ளைங்க."

"செத்தே பொறந்துச்சுன்னு சொன்னாங்க."

அத்தாயி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க சாமி. அழுதுச்சு. நான் வாய்க்கால்ல துணி அலசிட்டு இருந்தேன். அங்க வரைக்கும் கேட்டுச்சுங்க. பொழுது எறங்கற வரைக்கும் உசுரோட இருந்துச்சு. உங்க மனசு பொறுக்காதுன்னு மறைச்சிருப்பாங்க. வையாதீங்க."

அவள் பாதிக் கூடையோடு எழுந்தாள். மூட்டை ஏற்ற அவன் கை கொடுத்தான். அவள் தடுக்கவில்லை. கழுதை வரப்பேறி மறையும்வரை நின்றுகொண்டிருந்தான். அன்று மாடுகளைப் பூட்டவில்லை. அடுப்பு மூட்டவும் இல்லை. ஒரு பெண்குழந்தையின் அழுகையை எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்பதுபோல வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் தென்மூலையில் வடிகால் வெட்டத் தொடங்கினான். இறுகிய மண். கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டியிருந்தது. ஓடையோடு அதைச் சேர்த்தபோது, கருத்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. முதல் மழைக்குத் தழை மிதித்தான். பட்டியையும் அங்கேயே போட்டான்.

அடுத்த தையில் தென்மூலை வெளுக்கவில்லை. அத்தாயி வரவில்லை. அவன் பழக்கத்தில் விடியுமுன்னே எழுந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டு, பொழுது ஏறியதும் வேலைக்குப் போனான். ஒருதடவை தூரத்துக் கரட்டுப் பாதையில் அவள் கழுதை போவதைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம் இல்லை.

காடு முழுக்க விளைந்த அந்த வருஷத்து நெல்லில் ஒரு மூட்டையை வண்டியில் ஏற்றித் தம்பி வீட்டுக்குப் போனான். வாசலில் நிற்காமல் நேரே உள்ளே போய், பின்னறை வாசற்படியில் நின்று பார்த்தான். குதிரும் கலப்பையும் கிடந்தன. ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. செங்கோடன் பின்னாலேயே வந்து நின்றான்.

"புள்ள அழுதுச்சாமா, செங்கோடா."

தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது.

"தாயும் உசுரோட பொறந்த புள்ளையுமா ஒரே நாள்ல ரெண்டு பேருன்னு உங்ககிட்டச் சொல்ல எனக்கு நெஞ்சு வரலீங்க, அண்ணா. அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டீங்க. அப்பறம் எப்பிடிங்க சொல்றது?"

"புள்ளைய எங்க வெச்சிருக்குது?"

செங்கோடன் முன்னால் நடந்தான். வயலின் மேற்குக் கோடியில், எள் விதைத்திருந்த துண்டுக்கு நடுவே, ஒரு பாய் விரித்த அளவுக்கு இடம் ஏர் படாமல் கிடந்தது. அங்கே கொழுக்கட்டைப் புல் இடுப்புயரம் வளர்ந்து கதிர் விட்டிருந்தது.

"இத மட்டும் உழுகறதில்லீங்க. ஆடும் மேய உடமாட்டேன்" என்றான் செங்கோடன்.

மருதாசலம் புல்லின் ஓரத்தில் உட்கார்ந்தான். விரலால் மண்ணைக் கிளறினான். கருப்பாக, ஈரமாக இருந்தது. தம்பி நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, "உக்காரு" என்றான். செங்கோடனும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான்.

பொழுது சாய்ந்ததும் மருதாசலம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான்.

"சாப்புட்டுட்டுப் போங்க, அண்ணா."

"மாட்டுக்குத் தண்ணி காட்டோணும். இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று, வீட்டு வாசலுக்குத் திரும்பி வண்டியைப் பூட்டினான்.