அட்டையில் இரண்டாவது பெயர்

நூல் கடை அட்டையைத் திருப்பிக் கொடு என்று நாச்சிமுத்து அண்ணன் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். எனக்கு வாய் நீளம். என் வீட்டுக்காரர் அமானுல்லா இருந்தவரை அவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அட்டையைக் காட்டினால் கையில் காசில்லாமலே நூல் எடுத்து வந்து பனியன் துணி ஓட்டலாம். அதில் இரண்டு பெயர். முதலாவது என் வீட்டுக்காரருடையது, இரண்டாவது என் மகன் நஸ்ருதீனுடையது. ஜாமீன் போட்டவர் அடுத்த வீட்டு நாச்சிமுத்து அண்ணன்.

அறுபத்து நாலில் அத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய மகன், மறு வருஷம் அவர் மௌத்தாகி அடக்கம் செய்ததற்கும் வரவில்லை. விலாசம் தெரிந்தால்தானே தந்தி அடிக்க? பனியன் துணி ஓட்டுகிற மிஷினை விற்றுத் தின்றேன். அட்டையை மட்டும் அவன் பழைய சட்டைக்குள் சுற்றி நாலு வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்தேன். என்றைக்காவது வந்து நின்றால் மறுநாளே தொழிலைத் தொடங்க அவனுக்கு அது வேண்டுமல்லவா!

போன மாதம் குழாயடியில் அண்ணனின் மனைவி முத்தாயி வாயை விட்டுவிட்டாள்.

"ஒருத்தரு ஒரு அட்டைக்குத்தான் ஜாமீன் நிக்கலாம்னு கடையில சொல்றாங்க. எங்க பையன் ஆத்தப்பனுக்கு ரெண்டு வருசமா அட்டை கெடைக்கலீங்க. இவரு உங்ககிட்டக் கேக்கவே மாட்டேங்கறாரு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அட்டையை மூடினால், மகன் இனி வரமாட்டான் என்று பெற்றவளே எழுதிக் கொடுத்த மாதிரி. மூடாவிட்டால் கண்ணெதிரே இருக்கிற ஆத்தப்பனின் பிழைப்பு கெடும். அழுதுகொண்டேதான் பெட்டியைத் திறந்தேன்.

அட்டையும் கையுமாகப் படியிறங்கியதைப் பார்த்து அண்ணன் ஓடிவந்தார்.

"வேண்டாங்க அம்மிணி, கடைக்குப் போவேண்டாம். ஆத்தப்பனுக்கு நான் வேற வழி பாத்துக்கறேன்."

"சும்மா இருங்கண்ணா! ரெண்டு வருசமா உங்களுக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

கடையில் கணக்குப்பிள்ளை கிட்டுசாமி பெரிய புத்தகத்தைப் புரட்டினார்.

"மூடறதுக்கு எம்பையனும் கையெழுத்துப் போடோணுமா?" என்றேன். "அவன் ஊர்ல இல்லீங்க."

"ஒத்தப் பேருதானுங்களே இருக்குது. தம்பி தம்பேரை ரெண்டு வருசத்துக்கு முந்தியே எடுத்துட்டாருங்க. சோமனூர்ல தறி போட்டிருக்கறாராம். வேற கடையில அட்டை வாங்கோணும்னா இங்க பேரை எடுத்தாகோணுமுங்க. ஜாமீன்தாரரும் கூடவே கையெழுத்துப் போட்டிருக்காரு, பாருங்க."

சோமனூர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். புத்தகத்தில் இதைப் பார்த்துவிடுவேன் என்றுதான் மனுஷன் இத்தனை நாள் அட்டையைக் கேட்கவே இல்லை.

"ஊட்டுக்கு வரச் சொல்லிக் கெஞ்சுனனுங்க அம்மிணி. கைய உதறிட்டான். உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் விட்டான்." வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"எளைச்சிருந்தானா?"

"இல்லீங்க, நல்லா இருந்தான். பொண்டாட்டி கைக்கொழந்தையோட வெளிய நின்னுட்டிருந்துச்சு."

"கொழந்தை ஆணா, பொண்ணா?"



"கேக்கலீங்களே, அம்மிணி."

கிட்டுசாமி மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். மகன் கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. அங்கே கட்டை விரலை அழுத்தி எடுத்தேன்.